கோர்ட் எழுவதற்குள்

டவாலிச் சேவகன் வேலை என்பது ஊரார் வாயைத் தன் வாயால் மூடுகிற வேலை. பித்தளை வில்லை தைத்த டவாலிப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'சத்தம் போடாதே' என்று சத்தம் போட்டுப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். வேலூர்ப் பக்கத்துக் கோர்ட்டுக் கச்சேரி ஒன்றில் நான் ஆக்டிங் சேவகன். மாதக் கடைசிவரை கூடத்தில் சத்தம் எழாமல் பார்த்துக்கொண்டால் வேலை நிரந்தரம் என்று மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தார்.

சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டுகிற சாக்கில் எழுத்துக் கூட்டிப் படித்துவைத்தேன். கண்ணெதிரே கோர்ட்டை அவமதித்தவனை, அன்று கோர்ட் எழுவதற்குள், அதாவது கலைவதற்குள், அந்த மாஜிஸ்திரேட்டே தண்டிக்கலாம். மன்னிப்புக் கேட்டால் விட்டும் விடலாம்.

மூன்று தரம்

குடியாத்தத்து நெசவாளி ஒருவனுக்கு ஐந்தாவது வாய்தா. 'இந்தக் கச்சேரிக்கு எங்க வீட்டுத் தறியே மேல், தினம் நாலு முழமாவது நகரும்' என்றுவிட்டான். நான் அடக்குவதற்குள் கூடம் சிரித்தது.

அவமதித்த வார்த்தையை அப்படியே பதிய வேண்டும் என்பது சட்டம். குமாஸ்தா உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். சரிபார்க்க இன்னொரு முறை வாசித்தார். ஒவ்வொரு முறையும் கூடம் சிரித்தது. மாஜிஸ்திரேட் என்னை முறைத்தார். மன்னிப்புக் கேட்கிறாயா என்றதற்கு அவன் பணிவாகச் சொன்னான்: "கேட்டுக்கிறேனுங்க எஜமான். ஆனா நான் ஒரு தரம்தான் சொன்னேன், மத்த ரெண்டு தரமும் உங்க குமாஸ்தா சொன்னது."

துண்டுக்கு அடியில்

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. ஆம்பூர்த் தோல் தரகர் ஒரு பாய், சாட்சிக் கூண்டிலிருந்தே எதிர்க்கட்சி வக்கீலை வாயை மூடச் சொன்னார். அபராதம் ஐம்பது ரூபாய்.

தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை; கையைத் துண்டால் மூடி விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பாய் கூண்டை விட்டு இறங்கி, துண்டு போர்த்திய கையை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டினார். இது என்ன என்று அவர் என்னைக் கேட்டார். விலை பேசுகிறார் என்றேன். கூடம் அதிர்ந்தது. அபராதம் நூறானது. பாய் என் காதருகே வந்து வருத்தத்தோடு கேட்டார்: "இன்னா தம்பி இது, விரலைத் தொடாமலே விலையை ஏத்திட்டாரு?"

பழக்கதோஷம்

சிரித்தது நான். கூடத்தில் என் சத்தம்தான் ஜாஸ்தி.

'இவனையும் பிடித்து வை, அவமதிப்பு' என்று கத்திக்கொண்டே மாஜிஸ்திரேட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் எழுந்தால் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. வாய் தானாகவே, "கோர்ட் கலைஞ்சது" என்று கூவிவிட்டது. வக்கீல்கள் கட்டுகளை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். தன் அறைக்குக் கிளம்பிய மாஜிஸ்திரேட் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

குமாஸ்தா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு என் தோளிலிருந்த பட்டையைப் பார்த்தார். "கோர்ட் எழுந்துடுச்சுப்பா, உன்னை இனிமே தண்டிக்க முடியாது. டவாலியை மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போ."

இப்போது விடியவிடியத் தோல் பதனிடும் கிடங்குக்குக் காவல் இருக்கிறேன். தொட்டியில் சத்தமில்லாமல் ஊறும் தோல்களைப்போல மரியாதை தெரிந்த சபையைக் கச்சேரியில் நான் ஒரு நாளும் கண்டதில்லை.