குப்பைக் குழி அடுப்பு

எனக்கு மூச்சிரைப்பு. விறகடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், இருமி இருமி உயிரே போய்விடும். கல்யாணமான மறு வருஷ மழையில், ஈர விறகுப் புகையில் மயங்கியே விழுந்துவிட்டேன். என் அம்மா ஓடிவந்து, "இந்த அடுப்பாண்ட இருந்தா இவ செத்துப்பூடுவா. நான் இட்டுனு போறேன்" என்று என் துணிகளை மூட்டை கட்டினாள். என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு வாசலை மறித்து நின்றார்.

"பொங்கல் வரைக்கும் வுடு அத்தே. பொகை இல்லாத அடுப்பு வெச்சிக் குடுக்கறேன். முடியலன்னா இட்டுனு போ."

கருங்குழிப் பக்கம் ஒரு பண்ணையில் சாணத்திலிருந்து கேஸ் எடுத்து அடுப்பு எரிப்பதை அவர் பார்த்திருந்தார். மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் மாடு ஏது? குப்பைதான் இருந்தது. கொல்லையில் குழி வெட்டி, சிமெண்ட் பூசி, அதன்மேல் இரும்பு டிரம்மைக் கவிழ்த்து, அதிலிருந்து அடுப்புக்குக் குழாய் இழுத்தார். வீடு வீடாகப் போய் அழுகின காய், ஊசிப்போன சோறு, மீன் குடல் எல்லாம் வாங்கிவந்து கரைத்து ஊற்றினார். முதலில் புளிக்கவைக்க மட்டும் திருக்கழுக்குன்றத்திலிருந்து சைக்கிளில் சாணம் வந்தது.

"இன்னா அண்ணாத்த, குப்பையில சோறாக்கப் போறியா?" என்று ஊரே சிரித்தது. நாற்றம் வேறு. எனக்கு அழுகை அழுகையாக வரும்.

கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பியது. பொங்கல் நெருங்குகையில், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே திடீரென்று படுத்துவிட்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே என்ன போட்டாய் என்று கேட்டால், கருவாட்டுத் தலையும் மீன் ஊறிய உப்புத் தண்ணீரும் கூடை கூடையாக, குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார், மகராசன்!

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், மீனு அழுவக்கூடாதுன்னுதானே உப்பு போடறோம்? அழுவினாத்தானே உனுக்கு கேஸு?"

தலையில் அடித்துக்கொண்டார். குழியை இறைத்துக் கழுவிவிட்டு மறுபடி சாணத்துக்குக் கிளம்பினார்.

பொங்கலும் வந்தது, அம்மாவும் வந்தாள். டிரம் எழும்பவில்லை. அவரே என் மூட்டையை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி உள்ளே எறிந்தேன். "நான் வரல. அது எழும்பினா எழும்பட்டும், இல்லாட்டி போவட்டும்."

அம்மா என்னைத் திட்டிக்கொண்டே எங்கள் வீட்டில் தங்கி, என்னைப் புகைப் பக்கம் விடாமல் தானே சமைத்துப்போட்டாள்.

மாசிக் கடைசியில் டிரம் மறுபடி எழும்பியது. ஒரு காலை, அவர் தீக்குச்சி கிழித்தார். அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது. டீ போட்டு என் கையில் கொடுத்தார். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவர் முகம் செத்துப்போனது. "இன்னாம்மே, இதுலயும் பொகை வருதா?"