தெரிந்தே காட்டிய வரி

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் பின்பாதி. கோலார் தங்க வயலுக்கு ரயில் வந்துவிட்டது. மின்சாரம் இன்னும் வரவில்லை. அங்கே பாலகாட் சுரங்கத்தின் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வயது இருபத்து நாலு. சென்னையில் கல்லூரி வரை படித்தவன் என்ற பெருமை உடம்பெல்லாம் இருந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குப் போய் வேதம் வாசிப்பேன்.

கேட்க வருகிறவர்களில் ஓர் அண்ணன் தம்பி இருந்தார்கள். வட ஆற்காட்டுக்காரர்கள். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் கட்டை நிறுத்தி முட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. அண்ணன் அந்த வேலைக்கு மேஸ்திரி. சனிக்கிழமை பஜனைக்கும் அவர்தான் தலைவர். தம்பிக்கு முப்பது வயது இருக்கும். மனைவியும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையும் உண்டு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பி மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தார். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியும் விட்டார்.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தார்.

"இன்னா வாத்தியாரே, சாமி ஒண்ணேன்றீங்க. அப்பாலே பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேர் சொல்றீங்க. அந்த மூணும் ஒண்ணுதான்னு உங்க பொஸ்தகத்துல ஒரே ஒரு வரி காட்டுங்க. காட்டிட்டா தம்பி வரட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். காட்டலேன்னா நீங்க இந்த லைன் பக்கமே வரக் கூடாது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை, சந்தை மேட்டில், எல்லோர் முன்னிலையிலும் என்று முடிவாயிற்று.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கடவுள் ஒருவர், அவரில் மூவர் என்னும் திரியேகத்தைப் பற்றி வேதம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. ஆதியாகமத்தில் ஒரு சாடை, சங்கீதப் புத்தகத்தில் ஒரு சாடை, தீர்க்கதரிசிகளிடம் இன்னும் கொஞ்சம், பிறகு சுவிசேஷத்தில் வெளிச்சம் என்று படிப்படியாகத்தான் வரும். ஆனால் எங்கள் தமிழ் வேதத்தில் யோவானின் முதல் நிருபத்தில் ஒரு வரி இருந்தது. பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், அந்த மூவரும் ஒன்று என்று வெட்டவெளிச்சமாகச் சொல்லும் வரி. அண்ணன் கேட்டது அச்சு அசலாக அதைத்தான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பாதிரியார் புதிதாகத் திருத்தி அச்சிட்ட ஆங்கில வேதத்தை எனக்குக் காட்டியிருந்தார். அதில் அந்த வரி இல்லை. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது காணப்படவில்லை, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். "இதைப் பிரசங்கத்தில் எடுக்காதே. இது இல்லாமலே நமக்குப் போதுமானது இருக்கிறது" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அந்தப் போதுமானதைச் சொல்லிமுடிக்கப் பல நாள் ஆகும். சந்தை மேட்டில் கூடியவர்கள் ஒரு வரிக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுந்தேன், புத்தகத்தை விரித்தேன், அந்த வரியை மணி அடித்தாற்போல வாசித்தேன். எழுத்துத் தெரிந்த ஒருவனை அழைத்து அவன் வாயாலும் வாசிக்க வைத்தேன். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அண்ணன். ஒரு வார்த்தை பேசாமல் போனார். அந்த வாரமே வீட்டின் நடுவில் மண்சுவர் எழும்பியது; அடுப்பு இரண்டாயிற்று. தம்பிக்கு அது பெரிய அடி. ஆனாலும் அவர் அந்த வரியை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, தலைப்பாகையில் முடிந்துகொண்டு சுரங்கத்துக்குள் போய்வந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்காட்டுவாராம்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தின ஞாயிறு அண்ணன் மறுபடி சந்தை மேட்டில் கூட்டம் கூட்டினார். இந்த முறை கூடவே ஒரு குமாஸ்தா. பெங்களூரிலிருந்து வந்து சுரங்க ஆபீஸில் வேலை பார்த்தவர், அவரும் கிறிஸ்தவர்தான், சாதுவான மனிதர். அண்ணன் அவரிடம் போய், வெள்ளைக்காரன் புத்தகத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். குமாஸ்தாவிடம் இருந்தது புதிய ஆங்கில வேதம். தேடிப்பார்த்துவிட்டு, இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை. அச்சுக் கோக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கும் என்றேன்.

"வசன எண்கள் வரிசையாகத்தானே இருக்கின்றன?" என்றார் குமாஸ்தா மெதுவாக.

"வெள்ளைக்காரன் அச்சாபீஸிலும் தூங்குகிறவன் இருப்பான்" என்றேன் நான். கூட்டம் சிரித்தது. குமாஸ்தா முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

அப்போது தம்பி எழுந்தார். குழந்தையைத் தூக்கி நிறுத்தி, அதன் தலையில் உள்ளங்கையை வைத்தார். "வாத்தியாரய்யா காட்டினது பொய்யின்னா இந்தக் கொழந்த எனக்கு இல்ல" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஒரே வார்த்தையில் நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினேன்.

மறுநாள் காலை தம்பி ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். அந்த வரி பழைய பிரதிகளில் இல்லை, அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று.

தம்பி சொன்னார்: "ஒரு கட்டைய நிறுத்துறதுக்கு முன்னாடி நான் நாலு பக்கமும் தட்டிப் பாப்பேன் ஐயா. அடியில ஆளு நிக்கிறான் இல்ல? நீங்க உளுத்துப் போனதுன்னு தெரிஞ்சே நிறுத்திட்டீங்க. அடியில நிக்கிறது நானு."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். எப்போதும் 'வாங்கய்யா' என்று ஒதுங்கி நிற்கிறவர். "ஏய்யா, படிச்சவன்தானே நீ? எம்புள்ள தலையில சத்தியம் வெக்கிறப்போ பாத்துக்கினுதானே நின்ன? அதே எடத்துக்கு வா. அத்தினி பேர் முன்னால எம்புள்ள தலையில கைய வெச்சு அந்தச் சத்தியத்த நீயே எடு. எடுத்துட்டுப் போ."

நான் பாதிரியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானஸ்நானம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாம் முறையாக அதே சந்தை மேட்டில் நின்றேன். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குமாஸ்தாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். குழந்தை பொரி தின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் கை வைத்து, பொய் என்னுடையது, சத்தியத்தின் பலன் ஏதாவது இருந்தால் அது என் தலையில் வரட்டும் என்றேன். பொரி தின்ன இடைஞ்சலாக இருந்ததால் குழந்தை என் கையைத் தட்டிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அண்ணன் எழுந்தார்.

"சரி வாத்தியாரே, ஒரு வரி போச்சு. மீதி? அதுல எத்தினி உளுத்திருக்குதோ."

"பாத்துடலாம்ணா" என்றார் தம்பி. மண்சுவர் எழும்பிய பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "ஐயா வாசிக்கட்டும். குமாஸ்தா அவரு பொஸ்தகத்துல சரிபாக்கட்டும். நீ கேள்வி கேளு."

அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. என் மடியில் தமிழ் வேதம், குமாஸ்தா மடியில் ஆங்கில வேதம், நடுவில் காவல்காரரைப் போல அண்ணன். ஆதியில் தேவ ஆவி தண்ணீரின் மேல் அசைவாடியதை வாசித்தேன். "அந்தப் பொஸ்தகத்துல இக்குதா?" என்பார் அண்ணன். இருக்கிறது என்பார் குமாஸ்தா. மனுஷனை உண்டாக்கும்போது கடவுள் 'நாம்' என்று பேசியது. "இக்குதா?" இருக்கிறது. வெயில் நேரத்தில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு மூன்று பேர் வந்ததும், அவன் 'ஆண்டவரே' என்று ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசியதும். "மூணு பேர் வந்தா ஒருத்தர்கிட்டயா பேசுவான்? அவனுக்கு வெயில்ல கண்ணு மங்கிடுச்சா?" என்று அண்ணன் கேட்க, கூட்டம் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

முன்பு என்றால் அந்த இடத்தை வைத்து அவரை மடக்கப் பார்த்திருப்பேன். அன்று, "இது மட்டும் போதாது. தான் யாரைப் பார்த்தோம் என்று ஆபிரகாமுக்கே முழுக்கத் தெரிந்திருக்காது" என்று உள்ளதைச் சொன்னேன். சொன்னதும் உள்ளே ஏதோ கட்டு அவிழ்ந்தது. காப்பாற்றிக்கொள்ள என்னிடம் மானம் ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு வசனமும் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் சொல்கிறது என்று ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள, அடுத்ததை வாசிக்கும் ஆவல் பொங்கியது. தாவீது தன் ஆண்டவரோடு இன்னோர் ஆண்டவர் பேசுவதைக் கேட்ட சங்கீதம். தேவனும் அவருடைய ஆவியும் தன்னை அனுப்பியதாக ஒருவர் சொல்லும் தீர்க்கதரிசனம். நாலு ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு வாரமும் கூட்டம் கூடியது. குமாஸ்தா இருக்கிறது என்று சொல்வதற்குள் கூட்டமே 'இக்குது' என்று முந்திக்கொள்ளும்.

நாலாவது ஞாயிறு யோர்தான் நதிக்கு வந்தோம். தண்ணீரில் நிற்கிறார் குமாரன். புறாவைப்போல இறங்குகிறார் ஆவி. வானத்திலிருந்து பிதாவின் சத்தம். எத்தனையோ முறை வாசித்த இடம். அன்றுதான் முதல்முறை வாசிப்பதுபோல இருந்தது. அண்ணன் 'இக்குதா' என்று கேட்கவில்லை. தம்பிதான் பேசினார்.

"சுரங்கத்துல மொத நாள் எறங்கறப்போ தலப்பா மேல இக்கிற மெழுகுவத்தி காட்டுறதுதான் தெரியும். போவப் போவத்தான் பாறை தெரியும். அதுக்காவ பாறை அன்னிக்குத்தான் மொளச்சிதா? மொதல்லேயே இருந்துச்சு. அப்படித்தானே ஐயா இது?"

படித்த கல்லூரியில் எவரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து, முடிந்திருந்த சீட்டை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஒரே வரியில சொல்லியிருந்தா நான் அந்த வரியத்தான் கும்பிட்டுக்கினு இருந்திருப்பேன்" என்றார்.

அடுத்த மாதம் அவருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று பாதிரியார் சொல்லச் சொல்ல, தண்ணீர் வடியும் முகத்தோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கோவிலுக்குள் வரவில்லை. கடைசிவரை தன் பஜனையை விடவும் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன்.

"என் தம்பி உன்னால போவல வாத்தியாரே. உன்னத் தாண்டிப் போயிட்டான்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் அதை ஏற்றுக்கொண்டேன். பிறகு எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்தேன், எத்தனையோ பேருக்கு வேதம் சொல்லிக் கொடுத்தேன். இந்த வசனம் இவ்வளவுதான் தாங்கும் என்று சொல்ல அதற்குப் பிறகு நான் கூச்சப்பட்டதில்லை. ஆனால் முதல் ஞாயிறு கைதட்டிய கூட்டத்தில் சிலர், நான் உண்மையைச் சொல்லுமுன்பே வேலையை விட்டு வட ஆற்காட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெயரை விசாரித்திருக்கலாம், ரயிலேறிப் போய்ச் சொல்லியிருக்கலாம், வெட்கப்பட்டு இருந்துவிட்டேன். நான் காட்டிய அந்த வரியை நம்பிக்கொண்டு அவர்களில் எவராவது, அல்லது அவர்கள் பிள்ளைகளாவது இன்னும் எங்கோ இருக்கக்கூடும் என்பதுதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஜெபத்துக்கு நான் முழங்கால்படியிடும்போது முதலில் நினைவுக்கு வருகிறது.