தோளில் இல்லாத வலை

பார்க்கின்சன் நோய் வந்தபின் வாசற்படியைக் கண்டாலே என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"நடக்கறதுக்கு முன்னாடி கண்ண மூடி மனசுல நடந்து பாருங்கண்ணே, பீச்சுல காத்து வாங்கப் போறாப்ல" என்றார் பிசியோதெரபி செய்யும் பெண். கால் அசையவில்லை. வைத்திக்குப்பத்து மீனவன் நான் என்றைக்குக் காற்று வாங்க நடந்தேன்?

மறுநாள் காலை வேறொன்றை நினைத்தேன். ஈர வலை தொங்கும் கம்பின் ஒரு முனை என் தோளில், மறுமுனை பின்னால் வரும் மச்சான் தோளில். நான் நின்றால் அவன் மோதி விழுவான், நிற்கவே கூடாது.

கண் திறந்தேன். கால் எழுந்தது! படி தாண்டி, தெரு தாண்டி, மீன் விற்கும் மனைவி முன்னால் போய் நின்றேன்.

"ஐயோ, தனியாவா வந்த? ஏன் தோள சாய்ச்சிகினு வர?"

"வல கனம்டி!"

அத்தனை இலேசான வலையை நான் சுமந்ததே இல்லை.