பெரியப்பா செத்துக் காட்டிய மத்தியானம்

எங்கள் வீட்டில் உயில் என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. பெரியம்மா மட்டும் எப்போதாவது பெரியப்பாவிடம், "அந்தக் காகிதம் இன்னா ஆச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாள்.

அவளுக்குப் பிள்ளையில்லை. நூம்பலில் கிணற்றோடு ஒரு துண்டு நிலம், பெரியப்பா பட்டணத்துக்கு வண்டியடித்துச் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. எழுதி வைக்காமல் அவர் கண்ணை மூடினால், அதுவும் குடும்பச் சொத்து என்று ஆகித் தம்பி கைக்குப் போய்விடும், தனக்குச் சோறும் துணியும்தான் என்று பயந்தாள். அந்தத் தம்பி என் அப்பா. நாங்கள் நைனா என்போம். பெரியப்பாவுக்கோ நைனா என்றால் உயிர். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அண்ணியைக் கைவிடுவானா என்று சிரித்துவிட்டு, மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விடுவார்.

ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் வந்து கொட்டாய் போடுவதற்கு முந்தின கோடை அது. இலுப்பைப் பூ உதிரும் காலம். அந்த வாசனை இருக்கிறதே, மூக்கில் ஏறினால் போதும், கண் தானாகச் சொக்கும். பக்கத்து நிலத்தில் யாரோ ஏற்றம் இறைத்தார்கள். அவர்கள் பாட்டு காற்றில் வருவதும் போவதுமாக இருந்தது. கிணற்றோரத்து மரத்தடியில் பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நானும் தங்கையும் பூ பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

திடீரென்று, தான் செத்துப்போய்விட்டதாகப் பெரியப்பா அறிவித்தார். காரியமெல்லாம் முடிந்துவிட்டதாம். நான் நைனாவாம், தங்கை பெரியம்மாவாம், இனி நிலத்தைப் பற்றி நாங்கள் பேச வேண்டுமாம். இந்த மாதிரிக் கூத்துக்கெல்லாம் அவரை விட்டால் ஆள் கிடையாது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பிணமாகிவிட்டார்.

தங்கை ஒரு கோணியை முக்காடு போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நிலத்தை எனக்குக் கொடு என்று கெஞ்சினாள். நான் இடுப்பில் கையை வைத்தேன். நைனா ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொல்லுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே குரலில், அதே இழுப்போடு எடுத்து விட்டேன்.

"அண்ணிக்கு இன்னாத்துக்கு நெலம்? ஒண்டிக்கட்ட. மாட்டுக் கொட்டாயில ஒரு மூல, ரெண்டு வேள கூழு. போதாதா?"

தங்கை உருண்டு உருண்டு சிரித்தாள். பெரியப்பாவும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். துண்டு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. மேலே ஒரு பூ விழுந்தது, இன்னொன்று விழுந்தது. தட்டிவிடவில்லை.

"இன்னொரு தபா சொல்லும்மா" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனாவின் செருமலையும் சேர்த்து இன்னும் நன்றாகச் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் மரத்தைச் சுற்றி நகர்ந்தது, பாட்டு தேய்ந்துபோனது, நாங்கள் கட்டிலடியில் அப்படியே தூங்கிப்போனோம். விழித்தபோது பெரியப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினார், கழுவினார், அப்படிக் கழுவினார். பாவம் மனுஷன்.

அந்த வாரமே, மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டும் என்று பூந்தமல்லிக்கு வண்டி கட்டினார். பெரியம்மா கல்யாணப் புடவையில் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். லாடம் அடிக்க எதற்குப் பட்டுப்புடவை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வரும்போது எங்களுக்குப் பூந்தி வாங்கி வந்தார்கள். எனக்குத்தான் பெரிய பொட்டலம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பெரியப்பா நிஜமாகவே போய்விட்டார். காரியம் முடிந்த அன்று பெரியம்மா காகிதத்தை எடுத்து வைத்தாள். ஊர்க் கணக்கப்பிள்ளை படித்தார். நிலம் தன் சொந்தச் சம்பாத்தியம். மனைவி ஆயுசு முழுக்க அதை அனுபவிக்க வேண்டும், அவளை யாரும் அங்கிருந்து கிளப்பக் கூடாது. அவளுக்குப் பிறகு அதன் விளைச்சலில் கோடைதோறும் பூந்தமல்லி சாலையில் மோர்ப் பந்தல் நடக்க வேண்டும். தம்பிக்கு ஒரு சாண் மண்கூட இல்லை. எழுதினதால்தான் செத்தார் என்று நைனா கத்தினார். பெரியம்மா கிணற்றடியில் குடிசை போட்டுக்கொண்டு குடிபோய்விட்டாள்.

நைனாவுக்கு ஆறவேயில்லை. அண்ணன் மனசை எவனோ கலைத்துவிட்டான், அது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று தினமும் வாசலில் உட்கார்ந்து புலம்புவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பத்திர ஆபீஸ் எழுத்தராக இருக்குமோ, பெரியம்மாவின் அண்ணனோ, அம்மன் கோவில் பூசாரியோ என்று விரலை மடக்கி மடக்கி ஒவ்வொரு பேராக நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.