இரண்டாம் வயலின் நாற்காலி

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து என் பெரியப்பா தன் மகளின் கல்யாணத்தை நடத்தினார். மாலை வரவேற்பில் வாசிக்க எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் நான்கு பேர்: இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ. பாடகர் கிடையாது, தாளக் கருவி கிடையாது, கையசைத்து நடத்துபவரும் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்துத்தான் தொடங்குவோம்.

நான் இரண்டாம் வயலின். சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டே கற்றேன். படிப்பு முடிந்த பிறகு அங்கேயே சில ஆண்டுகள் இப்படிப்பட்ட குழுக்களில் வாசித்தேன். இப்போது காரைக்குடியில் ஒரு மாடியில் வகுப்பு நடத்துகிறேன். எங்கள் குழுவின் முதல் வயலின் என் மாணவி. மேல் ஸ்தாயியில் அவளுடைய சுருதி என்னுடையதைவிடச் சுத்தம். அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததே நான்தான்.

இரண்டாம் வயலினுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு வரிசையாகச் சொல்வேன். முதல் வயலின் மெட்டை மேலே கொண்டுபோகும்போது அடியில் லயத்தைப் பிடித்திருக்க வேண்டும். அதற்கும் வயோலாவுக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்ப வேண்டும். யாராவது வேகமெடுத்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மெட்டு நம்மிடம் வந்தால் வாசித்துவிட்டுத் தயங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

அன்று வீட்டின் உள்முற்றமான வளவில், தூண்களுக்கு நடுவே, நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார்.

"ஆத்தா, நீ எங்குட்டு உட்காரப் போற?"

"இங்குட்டு, பெரியப்பா. ரெண்டாவது நாற்காலி."

"உன்ட்டப் படிச்ச பிள்ளை முதல்ல, நீ ரெண்டாவதா?"

"அவ முத வயலின். நான் ரெண்டாம் வயலின்."

"அதைத்தேன் கேக்குறேன். கோயில்ல பரிவட்டம் வேற வீட்டுக்கு முதல்ல கட்டிட்டாகன்னு உங்க தாத்தா தேர் வடத்தையே தொடாமத் திரும்பி வந்தாரு. நீ என்னடான்னா வலியப் போயி ரெண்டாவதா உட்காருற. மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாக?"

"நல்லா வாசிக்கிறாகன்னு நினைப்பாக."

செல்லோ வாசிக்கும் அண்ணன் சிரிப்பை மறைக்கக் கருவியின் பின்னால் குனிந்துகொண்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் மாறி உட்காரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். இடத்தை மாத்தச் சொன்னா நாலு பேரும் கிளம்பிருவோம். நாயனக்காரக இருக்காக, வரவேற்பு ஒண்ணும் நின்னு போகாது."

மற்ற மூவரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். வயோலாக்காரர் தன் பெட்டியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். பெரியப்பா வாசல் பக்கம் போனார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கூட்டம் நிறைந்ததும் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார். "முதல் வயலின், நம் பெண் வீட்டின் பெருமை" என்று என் பக்கம் கையைக் காட்டினார். பெரியப்பா முன்வரிசையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் மாணவி எழுந்துவிட்டாள்.

"மிஸ், நீங்க இங்க வந்துருங்க."

அறிவிப்பைக்கூடப் பொறுத்திருப்பேன். அவள் எழுந்ததைப் பொறுக்க முடியவில்லை. தோளைப் பிடித்து அவளை உட்காரவைத்தேன். அந்த வீட்டில் பேச மைக் தேவையில்லை.

"முதல் வயலின் இவங்க. நான் இரண்டாம் வயலின். விட்டுக்கொடுத்து இதுல உட்காரல. இதைத்தான் கத்துக்கிட்டேன், இதைத்தான் வாசிக்கிறேன்."

மாப்பிள்ளை வீட்டு வரிசையில் யாரோ, "என்ன, சண்டையா?" என்று ஆவலாகக் கேட்டார். என் மாணவி மூச்சை இழுத்தாள். தொடங்கினோம். அவள் முதல் சில வரிகளில் பதற்றத்தில் ஓடினாள். நான் லயத்தை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வில்லோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

வாசித்து முடித்த பிறகு பெரியப்பா வந்தார்.

"எல்லாத்தையும் கேட்டேன். அந்தப் பிள்ளை வாசிச்சது கேட்டுச்சு. நீ வாசிச்சது ஒண்ணும் தனியாக் கேக்கல."

"நான் நிறுத்தியிருந்தா கேட்டிருக்கும், பெரியப்பா."

அவர் மற்ற மூவரையும் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றார். என்னைக் கேட்கவில்லை. நான் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் நடுவே ஒரு இலை காலியாக இருந்ததைப் பார்த்து, போய் உட்கார்ந்தேன்.