கரண்ட் பெட்டி இல்லாத ரயில்

பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது பங்கு போடாமல் விட்டது அநேகமாக வானத்தை மட்டும்தான். பட்டறையிலிருந்த விசைத்தறிகளில் ஆளுக்குப் பாதி, வீட்டின் நடுவே சுவர், கிணற்றுத் தண்ணீருக்கு முறை. எல்லாம் முடிந்து பெரியவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் நானும் பெரியப்பா மகளான அக்காவும் பொம்மை ரயிலுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பெரியப்பாவும் அப்பாவும் துண்டு வியாபாரத்துக்காக மும்பை போனபோது சேர்ந்து வாங்கிவந்த ரயில் அது. பேசித் தீர்க்க வந்திருந்த ஒருவர் அதே கையோடு அதையும் பிரித்துவிட்டார். இன்ஜினும் தண்டவாளமும் எங்களுக்கு. ரயில் பெட்டிகளும் கரண்ட் பெட்டியும் அவர்களுக்கு. தறியைப் போல ரயிலையும் பாகம் போடலாம் என்று நினைத்த அந்த மனிதரை இன்றும் வியக்கிறேன்.

அந்த இன்ஜினில் பேட்டரி கிடையாது. சுவரில் செருகிய கரண்ட் பெட்டியிலிருந்து மின்சாரம் தண்டவாளத்துக்கு வரும். சக்கரம் வழியாக இன்ஜின் அதை எடுத்துக்கொண்டு ஓடும். ஆக, ஒரு வீட்டில் இருந்ததை வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா ரயில் பெட்டிகளையும் கரண்ட் பெட்டியையும் ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, சுவரைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வருவாள். குழந்தைகள் விளையாட்டுத்தானே என்று இரண்டு அப்பாக்களும் கண்டுகொள்ளவில்லை.

பெரியவர்களுக்குள் பேச்சு அறவே நின்றிருந்தது. எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அக்கா தங்கையை அண்ணன் தம்பிக்குக் கொடுத்தால் குடும்பம் பிரியாது என்று யாரோ நம்பிச் செய்த கல்யாணங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமினால் இந்தப் பக்கம் அம்மாவின் கைவேலை அப்படியே நின்றுவிடும். பேசக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், அம்மாவும் மீறவில்லை. ஆனால் அக்காவின் கூடையில் கரண்ட் பெட்டிக்கு அடியில் முருங்கைக்கீரையோ ஒரு டப்பா கொள்ளுப் பொடியோ இருக்கும். திரும்பும்போதும் கூடை வெறுமனே போகாது. அம்மா அக்காவை மடியில் இழுத்து உட்காரவைத்துத் தலை வாரிவிட்டபடி, பெரியம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறதா, மாத்திரை சாப்பிடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். விளையாட வந்தவளை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. கரண்ட் பெட்டியின் குமிழ் அக்கா கையில். ஓட்டுவதும் நிறுத்துவதும் அவள் இஷ்டம். ஒருநாள் அப்பாவிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஆரு கையையும் பாத்துக்கிட்டு நிக்கோணும்னு நமக்கென்ன தலையெழுத்து? பேட்டரியில ஓட்டிக் காட்டறம் பாரு.”

தறி மோட்டாரைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. புதிதாக எதையும் வாங்கவில்லை. திருச்செங்கோட்டில் செல்போன் கடை வைத்திருந்த சிநேகிதரிடம், தூக்கிப் போட வைத்திருந்த பழைய போன் பேட்டரிகளில் கொஞ்சம் உயிருள்ளதாக இரண்டு பொறுக்கி வந்தார். உடைந்த டார்ச் லைட்டிலிருந்து சுவிட்சைக் கழற்றினார். இன்ஜினின் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்த ஈயக்கட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேட்டரிகளை வைத்தார். சுவிட்சைப் போட்டால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கனம் போனதும் பிடிப்பும் போய்விட்டது. ஈயத்தை வில்லை வில்லையாக அறுத்துக் கிடைத்த சந்திலெல்லாம் ஒட்டினார். இன்ஜின் நகர்ந்தது.

அம்மாவுக்கு மட்டும் இதில் சந்தோஷமே இல்லை.

“ஏனுங்க, அந்தப் பெட்டி வாரதுல நமக்கு என்னங்க நட்டம்?” என்று கேட்டாள். அப்பா இன்ஜினை இன்னொரு சுற்று விட்டார். அம்மாவுக்கு விஞ்ஞானம் பிடிக்காது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டியபோது பாதிச் சுற்றில் தீப்பொறி பறந்து இன்ஜின் நின்றுபோனது. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஓர் ஊக்கு கிடந்தது. பேட்டரியின் கரண்ட் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. ஆபத்தான காரியம், விட்டுவிடுங்கள் என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். அவள் வளையலில் எப்போதும் தொங்கும் இரண்டு ஊக்குகளில் அன்று ஒன்றைக் காணோம். நான் அதைப் பார்த்தேன்; பார்த்ததோடு சரி. அப்பா விடுகிற ஆளா? சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் இடையே இருந்த இரண்டு ஒயர்களையும் வெட்டியெறிந்தார். இனி ஊக்கு கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கரண்ட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் அதனால் இந்த இன்ஜின் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூடையோடு வந்தாள். நான் அவளை உட்காரக்கூட விடாமல் சுவிட்சைப் போட்டேன். இரண்டு சுற்று வாயைத் திறந்தபடி பார்த்தவள், பிறகு தன் கூடையைப் பார்த்தாள்.

“அப்ப நா இனி வர வேண்டியதில்லையா?”

“வேண்டாக்கா. பேட்டரி இருக்குது.”

நாற்காலியிலிருந்து அப்பா சிரித்தார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்று இல்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். நன்றாகவே கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். முடிச்சுச் சரியில்லை என்று திரும்பவும் அவிழ்த்தாள்.

“அம்மாகிட்டச் சொல்லு சாமி…” என்று ஆரம்பித்தவள் அப்பா இருந்த பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறும் அம்மா காலையிலேயே எழுந்து அரிசிமாவில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். இரண்டு வீட்டுக்கும் காணும் அளவு. பாதியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடி வாசல் ஜன்னலோரம் வைத்தாள். மத்தியானம்வரை யாரும் வரவில்லை. பொழுது சாயும்போது டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரயிலும் எனக்கே, கச்சாயமும் எனக்கே என்று அன்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.