ஜெகதாம்பாள் முகமும் கறுப்புக் கோடும்

கருங்குழி சடையப்பனின் அச்சகத்தில் கறுப்பு மை என்றால் சாவு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் மஞ்சளிலும் சிவப்பிலும்தான். கறுப்பில் அடிப்பது கண்ணீர் அஞ்சலி மட்டும். அதையும் அடித்து முடித்த கையோடு வாசல் குழாயில் தலை முழுகிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சோதனை மனைவி ஜெகதாம்பாள் மூலமாக வந்தது. அவள் பிடிக்கும் வேர்க்கடலை உருண்டையை விற்க, செங்கல்பட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, பொட்டலத்தில் பார்கோடு வேண்டும். அதை மெஷின் படிக்க வேண்டும்.

மஞ்சள் லேபிளில் மனைவியின் சிரித்த முகத்தைப் பெரிதாகப் போட்டார் சடையப்பன். பக்கத்தில் அந்தக் கோடுகள் ஜெயில் கம்பி மாதிரி தெரிந்தன. மனசு கேட்கவில்லை, நகத்தளவுக்குச் சுருக்கி, குங்குமச் சிவப்பில் அடித்தார். மெஷின் படிக்கவில்லை. அதே சிவப்பில் பெரிதாக்கி அடித்தார். அப்போதும் படிக்கவில்லை.

"மெஷின் வெளிச்சமே சிவப்புண்ணா. சிவப்புக் கோடு அதுக்குத் தெரியாது, கறுப்புல போடுங்க," என்றாள் அந்தக் கடையில் பில் போடும் திவ்யா. "நாளைக்கு வரலேன்னா அந்த எடத்துல வேற உருண்ட வெச்சிடுவாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார் சடையப்பன். "உன் மூஞ்சிக்குப் பக்கத்துல கறுப்பா? என் கையால எப்டி அடிப்பேன், ஜெகதா?"

"நான் செத்தா அடிக்கத்தானே போற? அத இப்பவே அடி," என்றாள் அவள், பாகைக் கிண்டியபடி.

விடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தார். பழக்கம் விடுமா? குழாயடியில் தலை முழுகினார். எதிர் டீக்கடை உலகநாதன் அதைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குள் எட்டிப் பார்த்தார். காயப்போட்ட லேபிள்களில் வரிசை வரிசையாக ஜெகதாம்பாள், பக்கத்தில் கறுப்பு.

கொஞ்ச நேரத்தில் தெருவே மாலையோடு சடையப்பன் வீட்டு முன்னால் நின்றது. யாரோ ஷாமியானாவே போட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து ஜெகதாம்பாள் வந்தாள்.

"இன்னா அண்ணாத்த, காலங்காத்தால?"

உலகநாதன் மாலையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "சும்மாதான். உன்னப் பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சில்ல? வண்டி வந்துகினு கீது. உக்காந்து லேபிள் ஒட்டுங்க."

ஈரத் தலையோடு சடையப்பன் லேபிள் கட்டுகளைக் கொண்டுவந்தார். துக்கத்துக்கு வந்த சனம் ஷாமியானா நிழலில் உட்கார்ந்து, அத்தனையையும் ஒட்டி முடித்தது.

செங்கல்பட்டில் திவ்யா ஒரு பொட்டலத்தை மெஷினிடம் காட்டினாள். 'பீப்' என்றது. சடையப்பன் விம்மி விம்மி அழுதார்.

"ஏன்கா அழறாரு? ஓகே ஆயிடுச்சே," என்றாள் திவ்யா, கூட வந்திருந்த ஜெகதாம்பாளிடம்.

"அவுரு அப்டித்தான். நீ அடுத்தத காட்டு."